படுக்கையறையில் ஒரு வெள்ளைக் குதிரை

இயேசு மரி சூசை

வுப்பர்டால்,
தை மாதம் 2007.

என் ஒரே தமக்கையின் மூத்த மகனும், ஹம் நகரத்தில் சொந்தக் காசில் வீடு வாங்கிய கெட்டிக்காரனுமாகிய மருமகன் ஜெனிஸ்டனுக்கு,

மாமா யாகோப்பு எழுதிக்கொள்வது. நான் சுகம். வீடும் சுகம். நாலு சுவரும் சுகம். உங்கள் சுகத்தை நான் கேட்கவில்லை. நிலத்துக்குக் கீழே ஹீற்றர் ஓடுகிற வீட்டில் இருப்பவர்களுக்கு என்ன வந்துவிடப் போகிறது. சாண்ட்ராவுக்கு என் அன்பையும், லக்ஸனுக்கும் சின்னவள் அன்னாவுக்கும் முத்தங்களையும் சண்டை வராதபடி பிரித்துக் கொடும்.

போன கிழமை தொலைபேசியில் நீர் சொன்னதை நான் மறக்கவில்லை. "மாமா, ஞாயிற்றுக்கிழமை நான் வாறன். சுவரைத் தொட்டுப் பாப்பன். ஈரமா இருந்தா, வீட்டை விடுறன் எண்டு அங்கையே எழுதிக் கையெழுத்து வைச்சுப்போட்டு என்னோட ஹம்முக்கு வாறியள்" என்றீர். பதில் சொல்ல நான் வாயைத் திறக்க, "மாமா, மாமா" என்று குறுக்கே விழுந்தீர். அதனால்தான் கடிதம். கடிதத்துக்குள் குறுக்கே விழ ஒருவருக்கும் ஏலாது. நான் எட்டாம் வகுப்போடு நின்றவன்தான். ஒன்பதாம் வகுப்பு வாத்தியாருக்கு என்னைப் படிப்பிக்கிற அளவு படிப்பு இல்லாமல் போனது என் பிழை அல்ல. ஆனால் எழுத்தென்று வந்தால், இந்த நாட்டுக்கு வந்த புதிதில் அகதி விண்ணப்பத்துக்கு நான் கைப்பட எழுதிக்கொடுத்த வரலாற்றை வாசித்த அதிகாரி கைலேஞ்சி எடுத்துக் கண்ணைத் துடைத்தார். அவருக்கு அன்றைக்குத் தடிமன் என்று அந்தோனிப்பிள்ளை சொல்லித் திரிகிறான். அந்தோனிப்பிள்ளையை உமக்குத் தெரியும்: பெட்டி கட்டுகிற தொழிற்சாலையில் வேலை, என்னைவிட இரண்டு வயது இளமை, என் புகழில் இருபது வருட எரிச்சல்.

உம்முடைய வீட்டு மேல்மாடி அறை நல்ல அறைதான். கூரை சரிவாக இருப்பதால் கட்டிலில் எழும்பி இருந்தால் நெற்றி இடிக்கும். இடித்தால் என்ன, மணிக்கூடு தேவையில்லை. சாண்ட்ராவும் தங்கமான பிள்ளை. ஆனால் மருமகன், அந்த வீட்டில் செருப்புக்கே தெர்மின் போட்டு நேரமும் இடமும் குறித்து வைத்திருக்கிறது. வாசலுக்கு ஒன்று, குளியலறைக்கு ஒன்று, பின்வளவுக்கு ஒன்று. போன கோடையில் வந்து நின்றபோது பிழையான செருப்போடு சின்னவள் அன்னாவிடமே நான் பிடிபட்டேன். இங்கே எனக்கு ஒரே ஒரு சோடி. அது போகாத இடமில்லை. அதைவிடப் பெரிய காரணம் ஒன்றும் உண்டு. ஜெர்மனிக்கு வந்த நாள் தொட்டு ஆரோ ஒருவரோடு அறையையோ வீட்டையோ பங்கு போட்டே இருந்தவன் நான். என்னோடு இந்த வீட்டில் இருந்த லோறன்ஸ் இந்தப் புரட்டாதியில்தான் பாரிசுக்கு மகளிடம் போனார். அதற்குப் பிறகுதான் வீடு முழுக்க என்னுடையது, வாசல் மணியில் என் பெயர் மட்டும். லோறன்சின் பெயரை இன்னும் சுரண்டவில்லை. அதற்கு நேரம் கிடைக்கவில்லை. இப்படிக் கிடைத்த வீட்டை ஒரு சுவர் ஈரத்துக்காக விட்டுக்கொடுக்க நான் ஆயத்தமில்லை. ஊரில் என்ன கதை உலாவுகிறதென்று எனக்குத் தெரியும். உள்ளது உள்ளபடி நானே சொல்லிவிடுகிறேன், அதற்குப் பிறகு நீர் வரத் தேவையும் இராது.

எல்லாம் கெமூட்லிஷ் என்ற ஒரு சொல்லால் வந்தது. குளிர் தொடங்கிய நேரம் கீழ்வீட்டு ஃபிராவ் கெஸ்லர் ஒரு தட்டில் பிஸ்கற் கொண்டுவந்தார். எழுபது தாண்டிய விதவைப் பெண், என்னிடத்தில் மிகவும் மதிப்பு. தெருவில் போகிறவர்களுக்கெல்லாம் என்னைத்தான் காட்டுவார். உள்ளே வந்தவர் சுற்றிப் பார்த்தார். ஒரு கதிரை, ஒரு தொலைக்காட்சி, உச்சியில் ஒரு குழாய் விளக்கு. "ஹேர் யாகோப்பு, இதென்ன ரயில் ஸ்டேசனே? தனிய இருக்கிற ஆளுக்குக் குளிர்காலத்தில வீடு கெமூட்லிஷா, உள்ள வந்தா மனசுக்கு இதமா இருக்கவேணும்" என்றார். அவர் சொன்னது ஜெர்மனில். நான் உமக்காகத் தமிழில் தருகிறேன். என்னுடைய ஜெர்மன் ஏறக்குறையத் தமிழ் மாதிரியே இருப்பதால் எனக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரிவதில்லை. கெமூட்லிஷ் எனக்குத் தெரியாத சொல்லல்ல, கிட்டத்தில் பார்க்காத சொல். அதனால் அந்தோனிப்பிள்ளையைக் கூப்பிட்டு இருவரும் அதைப் பிரித்துப் பார்த்தோம். கெ ஒரு பக்கம், லிஷ் ஒரு பக்கம், நடுவில் என்ன இருக்கிறது என்று அவனைக் கேட்டேன்.

"மூட்" என்றான்.

"வடிவாச் சொல்லு."

"மூடு."

"அப்ப என்ன செய்யச் சொல்லுது?"

"யன்னலை மூடச் சொல்லுது அண்ணை."

தமிழ் ஜெர்மனுக்குத் தாய்மொழி என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். எந்தப் பல்கலைக்கழகமாவது இதைக் கேட்டு வந்தால் நான் விளக்கம் கொடுக்க ஆயத்தம்.

ஆகவே மூடினோம். அந்தோனிப்பிள்ளை தன் வேலையிடத்தில் கழித்துவிட்ட பார்சல் ரேப் சுருள்களைப் பையோடு கொண்டுவந்தான். எங்கள் தெருவையே சுற்றிக் கட்டி இலங்கைக்கு அனுப்பப் போதும். யன்னல் விளிம்பெல்லாம் ரேப். ரேப்புக்கு மேலே பொலித்தீன். பொலித்தீனுக்கு மேலே மறுபடி ரேப். கதவுத் துவாரத்துக்கு மெழுகு. குளியலறைச் சுவரில் காற்றுக்கென்று ஒரு ஓட்டை விட்டிருந்தார்கள். கட்டினவன் மூட மறந்துவிட்டான் என்று நினைத்து, லோறன்ஸ் விட்டுப்போன சோக்ஸ் ஒன்றை அதற்குள் அடைத்தேன். ஆற்றுக்கு மேலே தண்டவாளத்தில் தொங்கி ஓடுகிற எங்கள் தொங்கு ரயில் என் யன்னலுக்கு நேரே போகும்போது சாரதி வேகத்தைக் குறைக்கத் தொடங்கினார். ரயிலுக்குள் இருந்து பார்க்கிற சனத்துக்கு என் வீடு பாலன் பிறப்புக்குச் சுற்றிவைத்த நத்தார்ப் பரிசு மாதிரித் தெரிந்திருக்கும்.

மூடினால் மட்டும் போதுமா, அலங்காரமும் வேண்டும். தெருவில் ஆரோ கழித்துவைத்த ஒரு கம்பளத்தை நானும் அவனும் தூக்கிவந்தோம். அரண்மனைக் கம்பளம், ராசாக்கள் நடந்தது. அறையைவிடப் பெரிதாக இருந்தபடியால் மிச்சத்தைச் சுவரில் இடுப்பளவுக்கு ஏற்றி ஆணி அடித்தேன், சுவருக்கும் குளிரும்தானே. ஃபிராவ் கெஸ்லர் வீட்டில் சின்ன விளக்கும் மெழுகுதிரியும் கண்டேன், நானும் வைத்தேன். சுடுதண்ணிப் பையொன்று வாங்கினேன். கடைக்காரி அதற்குள் வெந்நீர் ஊற்றிக் காலடியில் வைத்துப் படுக்கச் சொன்னாள். வெறும் தண்ணீரை ஏன் வீணாகச் சுமக்கவேண்டும் என்று நான் சீனி போட்ட தேத்தண்ணியை ஊற்றினேன். இரவில் விழிப்பு வந்தால் கையை நீட்டினால் போதும். குடித்தால் கொஞ்சம் சைக்கிள் ரியூப் மணக்கும், ஆனால் கால் சுடும், நெஞ்சும் சுடும். இப்படி ஒரு பையில் இரண்டு சுகத்தை ஜெர்மன்காரர் நூறு வருடத்தில் கண்டுபிடிக்கவில்லை. பிறகு குசினியில் ஒரு பானைத் தண்ணீரில் கறுவாப்பட்டையும் ஏலக்காயும் போட்டுக் காலை முதல் மாலை வரை கொதிக்கவிட்டேன், வாசத்துக்கு. காலையில் புட்டு, மாலையில் இடியப்பம், எல்லாம் ஆவியில். உடுப்பைத் தோய்த்து ஹீற்றருக்கு மேலேயே காயப்போட்டேன். இனி மேலே இலக்கம் இல்லை என்கிற இடம் வரை ஹீற்றரைத் திருகினேன்.

என்ன சூடு தெரியுமா மருமகன். வெளியே பனி முழங்காலுக்கு நிற்க, உள்ளே நான் சாரத்தோடும் பெனியனோடும் இருந்தேன். கண்ணாடியில் தண்ணீர் தாரையாக ஓடியது. வீடே வியர்க்கிறதென்றால் அதற்கு மேலே என்ன கெமூட்லிஷ் என்று நினைத்துக்கொண்டேன். ஒரு குறையும் இல்லை. சில நாள் தேத்தண்ணியை இரண்டு கோப்பையில் ஊற்றிவிடுவேன், கைப்பழக்கம். இரண்டையும் நானே குடித்தேன். குளிர்காலத்தில் இரண்டு கோப்பை உடம்புக்கு நல்லது.

நத்தார் கழிந்த பிறகு படுக்கையறை மூலையில், கம்பளம் முடிகிற இடத்துக்கு மேலே, ஒரு கறை தோன்றியது. முதலில் சின்ன ஆடு மாதிரி இருந்தது. நான் கவனிக்கவில்லை. அது கவனிப்பாரில்லாமலே வளர்ந்தது. அந்த நேரம்தான் எங்கள் கட்டடத்தைப் பார்க்கிற ஹவுஸ்மைஸ்டர் ஹேர் போல்மன் ஹீற்றர் பார்க்க வந்தார். நல்ல மனிதர், வாய் குறைவு, மீசை கூட. அறைக்குள் வந்தவர் மூலையைக் கண்டு அப்படியே நின்றார். கிட்டப் போனார். கண்ணாடியைப் போட்டார். பிறகு தலையை மெதுவாக ஆட்டி, "ஷிம்மல்" என்றார்.

இந்தச் சொல் எனக்குத் தலைகீழ்ப் பாடம். உமக்குத் தெரியும், நான் இந்த நாட்டில் முதலில் வேலை செய்தது குதிரை லாயத்தில். சாணி அள்ளினேன் என்று சிலபேர் சொல்வார்கள். சாணி அள்ளுவது பகுதிநேரம், முழுநேரம் குதிரைகளுக்கு ஆலோசனை சொன்னேன். அங்கே கறுப்புக் குதிரைக்கு ஒரு பெயர், சிவலைக்கு ஒரு பெயர், வெள்ளைக் குதிரைக்கு ஷிம்மல் என்று பெயர். "யாகோப்பு, ஷிம்மலைக் கழுவு. யாகோப்பு, ஷிம்மலைக் கட்டு." இரண்டு வருடம் காலையும் மாலையும் கேட்ட சொல். ஆகவே ஹேர் போல்மன் என் சுவரைப் பார்த்து வெள்ளைக் குதிரை என்றதும் எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. நான் ஆர்? யாகோப்பு. என் பெயர்கொண்ட அர்ச்சியசிட்ட புனிதர் ஆர்? யாகப்பர். யாகப்பர் எதில் வருவார்? வெள்ளைக் குதிரையில். என் பொக்கற்றுக்குள் இருக்கும் யாகப்பர் படத்தை எடுத்துச் சுவரோடு பிடித்துப் பார்த்தேன். கழுத்து, வால், தூக்கிய முன்கால், எல்லாம் அச்சொட்டு. குதிரை வந்துவிட்டது, ஆள் இன்னும் ஏறவில்லை.

"எப்பயிருந்து இருக்கு?" என்று ஹேர் போல்மன் கேட்டார்.

"நத்தாருக்குப் பிறகு" என்றேன்.

அவர் பெருமூச்சு விட்டார். நான் அதைப் பக்தி என்று எடுத்துக்கொண்டேன். போகும்போது விரலை நீட்டி "மூஸ் வெக்" என்றார். வெக் என்றால் பாதை. யாகப்பருக்குப் பாதை விடவேண்டும் என்கிறார் என்று விளங்கிக்கொண்டு, கட்டிலை மூலையிலிருந்து இழுத்து வழி விட்டேன்.

அந்தோனிப்பிள்ளை வந்து பார்த்தான். அவனுக்கு எதிலும் ஒரு நொட்டை.

"யாகோப்பண்ணை, வெள்ளைக் குதிரை எண்டு சொல்லுறியள். இது கறுப்பா எல்லோ கிடக்கு."

"நீ போட்டோ நெகட்டிவ் பாத்ததில்லையோ?"

"அப்ப கழுவினா வெள்ளையா வரும் எண்டுறியள்."

"ஆரைக் கழுவப் போறாய்? சும்மா இரு."

செய்தியை நான் ஒருவருக்கும் சொல்லவில்லை, எசனில் இருக்கிற லூர்தம்மா அக்காவுக்கு மட்டும் சொன்னேன். லூர்தம்மா அக்கா அங்குள்ள செபமாலைக் கூட்டத்தின் தலைவி. தேவதூதர்களே அவசரமென்றால் அவவின் எண்ணுக்குத்தான் அடிப்பார்கள். "தம்பி, நீர் அதைத் தொட்டிடாதையும். யன்னலையும் திறந்துபோடாதையும், குதிரை வெருண்டிடும். நாங்கள் சனிக்கிழமை வாறம்" என்றா.

மூன்று ராசாக்கள் திருநாளுக்கு அடுத்த சனி. வாகனங்கள் தெருவின் இரண்டு பக்கமும் நின்றன. நூறு பேர் என்று வைத்துக்கொள்ளும். அந்தோனிப்பிள்ளை பதினெட்டு என்பான். அவன் படியில் நின்றவர்களை எண்ணவில்லை. குளிர்ச்சட்டைகளெல்லாம் லோறன்சின் கட்டிலில் மலையாகக் குவிந்தன. குசினியில் ரோல்சும் கட்லட்டும் இறங்கின. என் கதிரை ஒன்றுதான் என்பதால் எல்லோரும் அரண்மனைக் கம்பளத்தில் இருந்தார்கள். கறைக்கு முன்னால் மெழுகுதிரி கொளுத்திச் செபமாலை தொடங்கியது. அத்தனை மூச்சும் வெளியே போக வழியில்லாமல் சுவரில் படிந்து, சுவரிலிருந்து தண்ணீர் சொட்டத் தொடங்கியது. "குதிரைக்கு வியர்க்குது, கனதூரம் ஓடி வந்திருக்கு" என்று ஒரு பெண்பிள்ளை அழுதாள். மூன்றாம் தேவ இரகசியத்தில் நிற்கும்போது வாசல் மணி அடித்தது.

ஹேர் போல்மன். வாயில் முகமூடி, ஒரு கையில் மருந்தடிக்கிற போத்தல், மறுகையில் நீளக் கட்டைத் தூரிகை. நான் அவரும் தன் வழியில் ஆராதனைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்து உள்ளே விட்டேன். சனத்தைக் கண்டு அவர் முகமூடியை இறக்கினார். லூர்தம்மா அக்கா எழும்பினா. அவவின் ஜெர்மன் ஆஸ்பத்திரிக் குசினியில் படித்தது, சட்டிபானைச் சத்தத்துக்கு மேலால் கேட்கிற ஜெர்மன்.

"இது ஷிம்மல்தானே?"

"ஓம், ஷிம்மல்தான். சந்தேகமில்லை" என்றார் அவர்.

"கேட்டியளோ, வெள்ளைக்காரனே சொல்லுறான்" என்று அக்கா சனத்துக்குத் தமிழில் சொன்னா. பிறகு, "இன்னும் பெரிசா வருமோ?"

"விட்டா முழுச் சுவருக்கும் வரும்."

பின்னாலிருந்து ஒரு ஸ்தோத்திரம் கேட்டது.

"எங்கட வீடுகளுக்கும் வருமோ?"

"இப்பிடி எல்லாத்தையும் ஒட்டி மூடி வைச்சிருந்தா கட்டாயம் வரும்."

உடனே ஒருவர் அந்தோனிப்பிள்ளையின் தோளைத் தட்டி, "ரேப் எங்க எடுத்தனீங்கள்?" என்று இரகசியமாகக் கேட்டார்.

அந்த நேரம் ஹேர் போல்மன் போத்தலைத் தூக்கி, "சரி, விலகுங்கோ. மூஸ் வெக், அகற்றவேணும் எண்டு அண்டைக்கே சொன்னனான். இதைக் கொல்லவேணும்" என்றார். அதற்குப் பிறகு நடந்ததை நான் விபரிக்கவில்லை. லூர்தம்மா அக்கா சுவரோடு சிலுவை மாதிரிக் கையை விரித்து நின்றா. பத்துப் பெண்கள் அவருடைய தூரிகையைப் பிடித்தார்கள். அவர் பாவம், தன் வாழ்க்கையில் ஒரு மூலையைத் துடைக்க இவ்வளவு எதிர்ப்பைக் கண்டிருக்கமாட்டார். சத்தம் கேட்டு ஃபிராவ் கெஸ்லர் மேலே ஏறி வந்தார். இரண்டு பக்கக் கதையையும் கேட்டார். என் கையிலிருந்த யாகப்பர் படத்தைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், நேரே என் குசினிக்குள் போனார். போய் பாண் பெட்டியைத் திறந்து, நான் மறந்துபோன ஒரு துண்டுப் பாணை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு வந்தார். பச்சையும் சாம்பலுமாய் அதிலே பூஞ்சணம் பூத்திருந்தது. அதை எல்லோருக்கும் காட்டி, "ஷிம்மல்" என்றார். பிறகு சுவரைக் காட்டி, "ஷிம்மல்" என்றார். கடைசியாகப் படத்திலிருந்த குதிரையைக் காட்டி, அதுவும் ஷிம்மல், ஆனால் வேறு என்றார்.

எல்லோரும் பாணைப் பார்த்தார்கள்.

"அப்ப இதில யாகப்பர் எங்க இருக்கிறார்?" என்று அந்தோனிப்பிள்ளை கேட்டான்.

ஒரு ஜெர்மன் சொல்லுக்குள் குதிரையையும் பூஞ்சணத்தையும் ஒன்றாகக் கட்டிவைத்தது ஜெர்மன்காரரின் பிழை, என்னுடையதல்ல. ஆனால் ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை. அவர்கள் பாராதது எனக்குச் சுவர் சொட்டுவதைவிட வலித்தது. அவரவர் குளிர்ச்சட்டையைத் தேடி லோறன்சின் அறைப் பக்கம் நகரத் தொடங்கினார்கள். லூர்தம்மா அக்கா சுவரிலிருந்து கையை எடுத்து, தன் சேலையில் பட்ட கறுப்பைத் தட்டிவிட்டு, "எங்க போறியள்? செபமாலை மூண்டாம் தேவ இரகசியத்தில நிக்குது. குதிரையோ பூஞ்சணமோ, அரைவாசியில விட ஏலாது. இருங்கோ" என்றா.

இருந்தார்கள். ஹேர் போல்மன் அதற்குள் யன்னல் ரேப்பெல்லாவற்றையும் உரித்துவிட்டார். இரண்டு மாதம் காத்திருந்த குளிர் ஒரே அடியாய் உள்ளே வந்து மெழுகுதிரியை நூர்த்தது. சனம் குளிர்ச்சட்டையைப் போட்டுக்கொண்டு, வாயால் புகை விட்டுக்கொண்டு, மீதி மூன்று இரகசியத்தையும் சொல்லி முடித்தது. பிறகு ரோல்ஸ் வந்தது. வந்த உணவைத் திருப்பிக் கொண்டுபோவது எங்கள் சனத்துக்கு வழக்கமில்லை. யன்னலெல்லாம் ஆவென்று திறந்திருக்க, தொங்கு ரயில் கடகடவென்று போக, ஒருவர் தோளோடு ஒருவர் ஒட்டிக்கொண்டு தின்றார்கள். ஃபிராவ் கெஸ்லர் என் ஒரே கதிரையில் இருந்து கட்லட் உறைப்பில் கண்ணீர் விட்டார். ஹேர் போல்மன் நின்றபடியே ரோல்ஸ் தின்று, தூரிகையை எங்கே வைத்தேன் என்று மறந்துபோனார். ஒருவர் என் சுடுதண்ணிப் பையைக் கண்டெடுத்து, விசயம் தெரியாமல் மடியில் வைத்திருக்க, மூடி கழன்று அவருடைய காற்சட்டை முழுக்கச் சீனித் தேத்தண்ணியாகியது. அவ்வளவு சிரிப்பு அந்த வீட்டில் அதற்கு முன் கேட்டதில்லை. அந்தச் சிரிப்புக்குள்ளே ஃபிராவ் கெஸ்லர் என்னைப் பார்த்து, "பாத்தீங்களோ ஹேர் யாகோப்பு, இப்பதான் கெமூட்லிஷ்" என்றார். பாவம், வயது போய்விட்டது, சொல்லை மாறிச் சொல்கிறார் என்று விட்டுவிட்டேன். அங்கே மூடியிருந்த பொருள் ஒன்றுகூட இல்லை.

எல்லோரும் போன பிறகு ஹேர் போல்மன் கம்பளத்தைக் கழற்றி, மருந்து அடித்து, கறையை உரசி, மேலே வெள்ளை பூசினார். படியிறங்கும்போது, "இன்னொருக்கா வந்தா நான் வீட்டுக்காரருக்குச் சொல்லத்தான் வேணும். பிறகு நீங்கள் இங்க இருக்க ஏலாது" என்றார். அவர் சொன்னதில் ஞாயம் இருக்கிறது. உம்முடைய பேச்சிலும் ஞாயம் இருக்கிறது. எல்லோரிடமும் ஞாயம் இருப்பதால் நான் திருந்திவிட்டேன். காலையும் மாலையும் யன்னல்களைத் தலைவாசல் மாதிரி முழுக்கத் திறந்து காற்று விடுகிறேன். இவர்கள் அதற்கு லுஃப்டன் என்று சொல்வார்கள். நான் செய்கிற லுஃப்டனைப் பார்த்து எங்கள் தெருவில் மூன்று வீட்டார் தங்கள் முறையை மாற்றிக்கொண்டார்கள். பானை கொதிப்பதில்லை. உடுப்பு நிலவறையில் காய்கிறது. சோக்ஸையும் ஓட்டையிலிருந்து எடுத்துத் தோய்த்து, பாரிசுக்கு அனுப்ப வைத்திருக்கிறேன். சுவர்கள் புதுப்பெண் முகம் மாதிரி வெள்ளை. நீர் தொட்டுப் பார்த்தால் உம்முடைய கைதான் உலர்ந்துபோகும். வீடு சுத்தம், அமைதி, தொங்கு ரயில் போகாத நேரம் என் மணிக்கூட்டின் சத்தம் குசினி வரை கேட்கிறது. இதைவிடத் தனியாக இருக்கிற ஒருவனுக்கு என்ன வேண்டும்.

ஆகையால் ஞாயிற்றுக்கிழமை நீர் அவ்வளவு தூரம் மினக்கெட்டு வர வேண்டாம். அந்தக் கையெழுத்துக் கடுதாசியை லக்ஸனுக்குக் கொடும், பின்பக்கத்தில் படம் கீறட்டும். மேல்மாடி அறையில் உங்கள் பழைய பெட்டிகளையே வைத்திருங்கோ. அவற்றுக்கு நெற்றி இல்லை.

கர்த்தர் உங்கள் நாலு பேரையும், உங்கள் செருப்புகளையும் காப்பாராக. மாதா உம்முடைய வேலையிடத்தில் உம்மோடு நிற்பாவாக. என் பெயர்கொண்ட யாகப்பர், எந்தக் குதிரையில் வந்தாலும், உங்கள் வாசலில் இறங்காமல் போகாதிருப்பாராக.

இப்படிக்கு,
தனியாகவும் மிகுந்த சௌகரியமாகவும் வசிக்கும்
உம் மாமா,
ம. யாகோப்பு

பின்குறிப்பு: கடிதத்தை உறையில் போடுமுன் முத்திரை தேடி லோறன்சின் அறைக்குப் போனேன். அந்த அறையில் நான் ஹீற்றரும் போடுவதில்லை, லுஃப்டனும் செய்வதில்லை, கதவைச் சாத்தியே வைத்திருக்கிறேன், மறதியால் அல்ல. அலுமாரியைக் கொஞ்சம் இழுத்துப் பார்த்தேன். பின்னால் ஒரு குட்டி வந்திருக்கிறது. இப்போதைக்கு மூன்று கால்தான், ஆனால் நல்ல சாதிக் குட்டி. ஞாயிறுக்குள் நாலாவது காலும் வந்துவிடும். அது என்னவென்று எனக்குத் தெரியும், நீர் விளக்கம் சொல்ல வேண்டாம். பிள்ளைகளையும் சாண்ட்ராவையும் கூட்டிக்கொண்டு வாரும், எந்தச் செருப்போடும் வரலாம். ஹேர் போல்மனுக்கு மூச்சுவிட வேண்டாம். லூர்தம்மா அக்காவுக்குச் சொல்லியாயிற்று. "உது என்னெண்டு எங்களுக்கும் தெரியும் தம்பி. எத்தினை பேருக்கு ரோல்ஸ் சுட?" என்று கேட்டா. நூறு என்றேன். நீங்கள் நாலு பேரும் வராவிட்டால் தொண்ணூற்றாறுதான்.